நாய் இருக்கிற வீட்டில் எந்தச் செடிக்கு எவ்வளவு பயப்பட வேண்டும்?

நாய்க்கு ஆகாத செடிகள் எவை என்று தேடினால் நீளமான பட்டியல்கள் கிடைக்கும். மணி பிளாண்ட், கற்றாழை, சைக்கஸ், அரளி எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே மாதிரி ‘விஷம்’ என்று போட்டிருக்கும். படித்து முடித்ததும் சிலருக்கு வீட்டில் உள்ள எல்லாத் தொட்டிகளையும் தூக்கிப் போடத் தோன்றும். வேறு சிலர், ‘எங்கள் நாய் மணி பிளாண்டைக் கடித்தது, ஒன்றும் ஆகவில்லையே’ என்று பட்டியல் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். எனக்குப் பயம் இந்த இரண்டாவது வகையினரைப் பற்றித்தான். மணி பிளாண்டைக் கடித்த நாய் பெரும்பாலும் அன்றைக்கே சரியாகிவிடும். சைக்கஸ் விதையைத் தின்ற நாய் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுச் சாயங்காலம் வாலாட்டிக்கொண்டும் நிற்கலாம். ஆனால் இரண்டு மூன்று நாளில் அதன் கல்லீரல் கெட்டுப்போயிருக்கும்.

என் வீட்டில் செடிகள் நிறைய, நாய்கள் இரண்டு. வயதான ராணி செடிப் பக்கமே திரும்பமாட்டாள். முத்து இளவட்டம், தொட்டி மண்ணைத் தோண்டுவதும் கீழே விழுந்ததை எல்லாம் வாயில் வைத்துப் பார்ப்பதும் அவன் வேலை. இவர்களோடு செடி வளர்க்க எனக்குப் பட்டியலைவிட உதவியது ஒரு கேள்வி: இந்தச் செடி நாயின் உடம்பில் எங்கே தாக்கும்? வாயிலா, வயிற்றிலா, இதயத்திலா, கல்லீரலிலா? அது தெரிந்தால் செடியை எங்கே வைக்கலாம், வைக்கவே கூடாதா, கடித்துவிட்டால் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

வாயைத் தாக்குபவை

வீட்டுக்குள் வளரும் அகல இலைச் செடிகளில் பாதிக்கு மேல் சேம்பு குடும்பத்தைச் சேர்ந்தவைதானோ என்று எனக்குத் தோன்றும். மணி பிளாண்ட், ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம், டிஃபன்பேக்கியா, அக்லோனிமா, கலேடியம், ஆந்தூரியம், பீஸ் லில்லி, இசட் இசட் பிளாண்ட் எல்லாமே அந்தக் குடும்பம். இவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்களாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. நாய் கடித்ததும் அந்த ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் தொண்டையிலும் குத்தி ஏறும். பச்சைச் சேம்பைத் தொட்டால் கை அரிக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. வலி உடனே தெரிவதால் பெரும்பாலான நாய்கள் ஒரு கடியோடு விட்டுவிடும். எச்சில் ஒழுகும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும், தலையை உதறும், சில சமயம் வாந்தி வரும். வாயை ஈரத் துணியால் துடைத்து, குடிக்கத் தண்ணீர் வைத்து, கொஞ்சம் பாலோ தயிரோ கொடுத்தால் எரிச்சல் அடங்கும். இந்த வகையில் உயிருக்கு ஆபத்து அபூர்வம். ஆனால் முகமோ தொண்டையோ வீங்கினாலும், மூச்சு விடும்போது சத்தம் வந்தாலும், எதையும் விழுங்க முடியாமல் தவித்தாலும் காத்திருக்க வேண்டாம். டிஃபன்பேக்கியா இந்தக் கூட்டத்திலேயே முரடு. பல் முளைக்கும் குட்டி இருக்கும் வீட்டில் அதைத் தரையில் வைக்காதீர்கள்.

வயிற்றைத் தாக்குபவை

ஸ்நேக் பிளாண்ட், ட்ரசீனா வகைகள், லக்கி பாம்பூ, ஐவி, சைக்ளமென் கிழங்கு இவற்றில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உண்டு. வாந்தி, பேதி, பசியின்மை, சோர்வு வரும். கொஞ்சம் தின்றால் தானாகச் சரியாகும். அளவு கூடினால், முக்கியமாகக் கிழங்கைத் தின்றிருந்தால், டாக்டரிடம் போக வேண்டும்.

சோற்றுக்கற்றாழையைப் பலர் மருந்துச் செடி என்பதால் நாய்க்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் தெளிவான சோறு பிரச்சினை இல்லை. தோலுக்கு அடியில் ஒரு மஞ்சள் பால் இருக்கிறதே, அதில் உள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. நாய் சோற்றை மட்டும் எடுத்துத் தின்னாது, தோலோடு சேர்த்துத்தான் கடிக்கும். ஜேட் செடியும் வாந்தியையும் தள்ளாட்டத்தையும் தரும்.

கள்ளி வகைகளில் பால் வடிபவை தனிக் கணக்கு. திருகுகள்ளி, முள்கிரீடம் போன்றவற்றின் பால் வாயையும் தோலையும் எரிக்கும். கண்ணில் பட்டால் பெரிய சிக்கல். கிளை ஒடித்தால் பால் சொட்டும் செடி எதுவானாலும் நாய் உரசிப் போகும் வழியில் வேண்டாம். இதற்கு நேர்மாறாக, சிவப்பு இலை பாயின்செட்டியாவுக்கு இருக்கும் கெட்ட பெயர் அதிகம். அது வாயையும் வயிற்றையும் லேசாக எரிச்சல்படுத்தும், அவ்வளவுதான்.

இதயத்தைத் தாக்குபவை

இங்கிருந்து கதை மாறுகிறது. அரளி, பொன்னரளி, அடீனியம், கலாஞ்சோ. நான்கும் பார்க்க அழகு, நான்கும் தொட்டியில் நன்றாக வளரும், நான்கிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள்கள் இருக்கின்றன. அரளியில் இலை, பூ, பட்டை, வேர் என எந்தப் பாகமும் விலக்கில்லை. காய்ந்து சருகானாலும் விஷம் போகாது. கிளையை வெட்டினால் சருகு உட்பட அன்றைக்கே அள்ளி மூடிய குப்பைக் கூடையில் போட வேண்டும். அரளிக் குச்சியை எடுத்து நாய்க்கு வீசி விளையாட்டுக் காட்டுவது நடக்கிற விஷயம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

கலாஞ்சோ என்றதும் சின்னச் சின்னப் பூக்கொத்துள்ள தொட்டிச் செடி மட்டும்தான் நினைவுக்கு வரும். ரணகள்ளியும் அதே இனம்தான், அதே மாதிரி விஷமும் உண்டு. இலை விளிம்பில் குட்டி முளைத்து உதிர்கிற வகைகளில் தொல்லை இரட்டிப்பு. செடியை உயரத்தில் வைத்தாலும் குட்டிகள் கீழே விழும், பக்கத்துத் தொட்டிகளிலும் முளைக்கும். கலாஞ்சோவில் இலையைவிடப் பூவில் விஷம் அதிகம் என்பதால், பூத்திருக்கும் காலத்தில் கவனம் கூடுதலாக வேண்டும்.

முதலில் வாந்தி, எச்சில், பேதி. சாதாரண வயிற்றுக் கோளாறு மாதிரியே இருக்கும். அப்புறம் துடிப்பு மிக மெதுவாகும், அல்லது தாறுமாறாக ஓடும். நாய் தளர்ந்து சரியும். அதனால் உங்கள் நாயின் வழக்கமான துடிப்பை முன்பே தெரிந்து வைத்திருங்கள். அது படுத்து ஓய்வாக இருக்கும்போது பின்னந்தொடையின் உள்பக்கத்தில் இரண்டு விரலை மெதுவாக வைத்தால் துடிப்பு தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பெரிய நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, சின்ன நாய்க்கு 140 வரை இருப்பது இயல்பு. மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். முத்துவுக்கும் ராணிக்கும் இதை அடிக்கடி செய்வேன். அவர்களுக்கும் பழகிவிட்டது, அவசரத்தில் கைவைத்தாலும் பதறமாட்டார்கள்.

சைக்கஸ்

இதற்குத் தனி இடம் தர வேண்டும். சாகோ பாம் என்றும் விற்கிறார்கள். பனைக்கும் இதற்கும் உறவில்லை. மெதுவாக வளரும், பராமரிப்பு கேட்காது, வாசலில் கம்பீரமாக இருக்கும். அதனால்தான் இவ்வளவு வீடுகளில் இருக்கிறது. செடி முழுவதிலும் சைக்கேசின் என்ற நச்சு உண்டு, விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதையே ஒரு நாயைக் கொல்லப் போதும். சைக்கேசின் அப்படியே கெடுதல் செய்வதில்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் கல்லீரலை அழிக்கும் பொருள் உருவாகிறது.

வாந்தி சில மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். அது நின்று நாய் தேறிவிட்டது போல ஓர் இடைவெளி வரலாம். அந்த இடைவெளியை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் கண்ணும் ஈறும் மஞ்சளாகும், மலம் கறுக்கும், உடம்பில் கன்றிய புள்ளிகள் தெரியும், வலிப்பு வரும். அந்த நிலைக்குப் போன பிறகு நல்ல சிகிச்சை கிடைத்தும் இறக்கும் நாய்கள் நிறைய. உடனே கொண்டுபோனால் வாந்தி எடுக்க வைத்து, மருத்துவக் கரி கொடுத்து, சொட்டு மருந்து ஏற்றிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. முதல் நாள் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும், அடுத்த இரண்டு மூன்று நாளுக்குக் கல்லீரல் அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நாய் உள்ள வீட்டில் சைக்கஸ் வேண்டாம். ‘எங்கள் நாய் தொடவே தொடாது’ என்பதை நான் ஏற்கமாட்டேன். மற்ற செடிகளில் இடம் மாற்றி வைக்கலாம், உயர்த்தி வைக்கலாம். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

இதே கடுமையோடு நான் விலக்கும் வேறு சில உண்டு. செங்காந்தள் கிழங்கில் கால்கிசின் இருக்கிறது. முதலில் கடும் வாந்தியும் பேதியும், ஓரிரு நாளில் பல உறுப்புகள் ஒன்றாகப் பழுதாகும். ஊமத்தையும் அதன் உறவான தொங்கும் எக்காளப் பூச்செடியும் மூளையைக் கலக்கும். ஊதாவில் பூத்து வெள்ளையாக மாறும் பிரன்ஃபெல்சியாவின் காயை நாய்கள் விரும்பித் தேடித் தின்னும். நடுக்கமும் வலிப்பும் வரும். ஆமணக்கு விதை, குன்றிமணி இரண்டிலும் கடித்து உடைக்கும்போதுதான் விஷம் வெளிவருகிறது, நாய் கடித்து உடைக்கும். நித்தியகல்யாணி இவ்வளவு முரடு இல்லை என்றாலும் அதன் இலைச் சாறு நரம்பையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும். சாதுவான செடியாயிற்றே என்று கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

பெயரைப் பார்த்து வாங்காமல் இருக்க

செடிக்கடைப் பெயர்கள் நாய் வளர்ப்பவருக்கு உதவாது. அரேகா பாம், பாம்பூ பாம் நாய்க்குப் பாதுகாப்பானவை. அதே ‘பாம்’ என்ற பெயரில் சைக்கஸும் வரும். பாஸ்டன் ஃபெர்ன் சாது. அஸ்பாரகஸ் ஃபெர்ன் ஃபெர்னே அல்ல, அதன் சிவப்புக் காய்கள் வயிற்றைக் கெடுக்கும். ஹவொர்த்தியாவும் கற்றாழையும் சின்னத் தொட்டியில் ஒரே மாதிரி இருக்கும், முன்னது பாதுகாப்பு. லில்லி விஷயத்தில் குழப்பம் இன்னும் பெரிது. உண்மையான லில்லி பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும், நாய்க்கு வயிற்றுக் கோளாறோடு போகும். பீஸ் லில்லி வாயை மட்டும் அரிக்கும். லில்லி ஆஃப் தி வேலி இதயத்தைத் தாக்கும், அதை வைத்த பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலே ஆபத்து.

அதனால் தாவரவியல் பெயர் தெரியாத செடியை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. யாராவது கிளை ஒடித்துக் கொடுத்தால்கூடப் பெயர் தெரியும்வரை பூட்டிய பால்கனியில்தான் இருக்கும். ஐஸ்கிரீம் குச்சியில் அழியாத மையால் பெயரை எழுதித் தொட்டி ஓரத்தில் செருகுவேன். மறுபக்கத்தில் வாய், வயிறு, இதயம் என்று ஒரு சொல். வீட்டில் நான் இல்லாதபோது நாயைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த ஒரு சொல் போதும். பெயரைச் சரிபார்க்க அமெரிக்காவின் ஏஎஸ்பிசிஏ அமைப்பு இணையத்தில் வைத்திருக்கும் பட்டியல் நல்லது. நாய், பூனை, குதிரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

தொட்டியும் மண்ணும்

செடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது மண்ணை மறந்துவிடுகிறோம். எலும்புத் தூள், ரத்தத் தூள் கலந்த உரத்தின் வாசனை நாய்க்கு விருந்து. தோண்டித் தின்று குடல் அடைப்புவரை போகலாம். ஆமணக்குப் புண்ணாக்கு உரமாக வருகிறது. விதையில் உள்ள ரைசின் சரியாக நீக்கப்படாமல் இருந்தால் அதுவே கொல்லும். நத்தைக்குப் போடும் மெட்டல்டிஹைடு உருண்டைகள் நடுக்கத்தையும் வலிப்பையும் தரும். கொக்கோ தோலை மண்மூடியாகப் போட்டால் அதில் சாக்லேட்டில் உள்ள, நாய்க்கு ஆகாத அதே தியோபுரோமின் இருக்கிறது. மண்ணில் கலக்கும் பூச்சிக்கொல்லிக் குருணையும் நாய்க்கு ஆபத்துதான். என் தொட்டிகளில் நன்கு மக்கிய இலை உரம் மட்டும்தான். மேலே முத்துவின் வாயில் கொள்ளாத அளவுக்குப் பெரிய கூழாங்கற்கள் பரப்பியிருக்கிறேன், தோண்டுவது குறைந்துவிட்டது.

இடம் பற்றிச் சொன்னால், உயரம் மட்டும் போதாது. மணி பிளாண்ட் மேலிருந்து தொங்கி நாயின் மூக்குக்கே வரும். பழுத்த இலை, உதிர்ந்த பூ, காய் எல்லாம் தரைக்குத்தான் வரும். தண்ணீர் ஊற்றும்போது தொட்டிக்கு அடியையும் பின்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பூச்சாடித் தண்ணீரும் தொட்டிக்குக் கீழே தட்டில் தேங்கும் தண்ணீரும் நாய்க்குக் குடிநீர் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கசப்பு ஸ்பிரேக்கள் சில நாய்களுக்குப் பலிக்கும், சிலது நக்கிவிட்டுப் போகும். அதை நம்பி விஷச் செடியைக் கீழே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று முதல் ஆறு, ஏழு மாதம் வரை குட்டிக்குப் பல் மாறும் காலம். அதுவரை ஆபத்தான தொட்டிகளை வேறு வீட்டுக்கே அனுப்பிவிடலாம். வளர்ந்த நாய் செடியைக் கடித்துக்கொண்டே இருந்தால் அதற்கு நடை போதவில்லை, கடிக்கப் பொருள் இல்லை என்று அர்த்தம். அதைக் கவனித்தால் பாதிச் செடி தப்பிக்கும்.

தின்றுவிட்டால்

வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, நாயைச் செடியிடமிருந்து நகர்த்துங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், சுமாராக எவ்வளவு, நாயின் எடை எவ்வளவு. இந்த நான்கையும் போனில் டாக்டரிடம் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்தது. குச்சியின் பின்னால் வாய், வயிறு என்று இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேட்டு வீட்டில் கவனிக்கலாம். இதயம், கல்லீரல் என்றாலோ, பெயரே தெரியாத செடி என்றாலோ நாய் துள்ளிக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்கக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் ஓரிரண்டு மணி நேரம்தான். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

வீட்டில் வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகும். எண்ணெய், பச்சை முட்டை, தொண்டைக்குள் விரல், எதுவும் வேண்டாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டாக்டர் அளவு சொல்லி, கொடு என்று சொன்னால் மட்டும்தான். சேம்பு குடும்பத்துச் செடியோ பால் வடியும் கள்ளியோ தின்றிருந்தால் போன வழியே திரும்பவும் எரித்துக்கொண்டு வரும். மயங்கிக் கிடக்கும் நாய்க்கும், வலிப்பு வந்த நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

கிளம்பும்போது செடியில் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், இலையும் பூவும் காயும் தெரியும்படி. வாந்தி எடுத்திருந்தால் அதையும் கொஞ்சம். அரளி போன்றவற்றுக்கு ஈசிஜி பார்க்கும் வசதி வேண்டும். உங்கள் வழக்கமான இடத்தில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது, இரவில் எது திறந்திருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள்.

அப்போ எதைத்தான் வளர்ப்பது?

நிறைய இருக்கிறது. ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் ஃபெர்ன், அரேகா பாம், கலாத்தியா, மரான்டா, பெப்பரோமியா, ஹோயா, ஹவொர்த்தியா, எச்சிவேரியா, ஆஃப்ரிக்கன் வயலட், ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட். வெளிச்சம் குறைந்த மூலைக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா. டிஃபன்பேக்கியாவின் வண்ண இலை பிடித்தவர்களுக்குக் கலாத்தியா அருமையான மாற்று, இலை அழகில் ஒரு படி மேலே. சைக்கஸ் இருந்த வாசலுக்கு அரேகா. பாதுகாப்பான செடியானாலும் ஒரு தொட்டி இலையைத் தின்றால் எந்த நாயும் வாந்தி எடுக்கும், அது விஷத்தால் அல்ல. என் வீட்டில் ஸ்பைடர் பிளாண்டின் ஒரு தொட்டியை முத்துவுக்கென்றே தரையில் விட்டிருக்கிறேன். அதன் நுனிகள் எப்போதும் கடிபட்டுத்தான் இருக்கும், ஆனாலும் தழைத்துக்கொண்டே இருக்கிறது.